செஞ்சி மாளிகை யாருடையது?

செஞ்சிக் கோட்டை யாருடையது என்று திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ கேட்டால், "தேசிங்கு ராஜாவுடையது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அந்த வீர வாலிபனிடம் நமக்கும் அபிமானம் உண்டு. ஆனால் அவன் அங்கே அதிகாரம் செலுத்தியது ஓராண்டுகூட நிறையவில்லை என்பதை எத்தனை பேர் அறிவர்? கட்டியவர்கள் பெயர் மறைந்துபோக, போருக்குப் போய் மடிந்தவன் பெயர் நின்றுவிட்டது.

திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 28 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது செஞ்சி. அங்கே ராஜகிரியின் அடிவாரத்தில் நிற்கும் கல்யாண மஹால் நாயக்கர் காலத்துக் கட்டடம். சதுரமான முற்றம், சுற்றிலும் வளைவுகள் தாங்கிய தாழ்வாரமும் அறைகளும், நடுவில் சுமார் 80 அடி உயரத்துக்கு அடுக்கடுக்காக எழும் மாடம். நிலைகள் பலவற்றிலும் எட்டடிச் சதுரத்தில் ஓர் அறை, அதைச் சுற்றி நடை, மேலே செல்ல ஒடுங்கிய படி. வளைவுகளில் இஸ்லாமியச் சாயல். கூம்பிய உச்சியிலோ நம் கோயில் விமானத்தின் சாயல். மனிதர்கள் போரிட்ட இடத்தில் இரண்டு சிற்ப முறைகளும் சண்டையின்றிக் குடியிருக்கின்றன! இன்னொரு விந்தை: வெளியிலிருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியாக ஆறாம் நிலை வரையில் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். எஞ்சின் ஏது, பம்பு ஏது? நீர் தன் மட்டத்தை நாடும் என்ற விதியை மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

நாயக்கர்களிடமிருந்து 1649-இல் பீஜப்பூர் சுல்தானும், 1677-இல் சிவாஜி மகாராஜாவும் செஞ்சியைக் கைக்கொண்டனர். சிவாஜியின் மைந்தர் ராஜாராம் இங்கே தங்கியிருக்க, மொகலாய சைன்யம் 1690 முதல் ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-இல் பிடித்தது. பின்னர் புந்தேல ராஜபுத்திரரான சொரூப் சிங் கோட்டைக்கு அதிகாரியானார். அவர் மகன் தேஜ் சிங்கே தமிழர் வாயில் தேசிங்கு ஆனவன். ஆர்க்காட்டு நவாபுடன் பொருதி 1714-இல் மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் வந்தனர்.

இத்தனை பேரில் கட்டியவர் சிலர், கொண்டுபோனவர் பலர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்கள் செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து போனவையே. காற்று வாங்கப் போகிறவர்களில் இதை நினைப்பவர் எத்தனை பேரோ!

1921-இல் கோட்டை தேசியச் சின்னமாகப் பாதுகாப்புக்குள் வந்தது. 2025-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டிய ராணுவ அரண்கள் என்ற தலைப்பின் கீழ் உள்ள பன்னிரண்டு கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. சிவாஜியின் புகழ் பாரதத்துக்கே உரியது; அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. ஊரார் வாயில் தேசிங்கு, உலகப் பட்டியலில் மராட்டியர் என்றிருக்க, நாயக்கர் பெயருக்குத்தான் இடம் அகப்படவில்லை. மலையேறப் புறப்படும் நேயர்கள் வெயில் ஏறுமுன் மஹாலின் முன் சற்று நின்று, உடன்வரும் குழந்தைகளுக்குக் கிருஷ்ணப்ப நாயக்கர் என்ற பெயரையும் சொல்லிவைப்பார்களாக.