முதலாண்டு உயிரியல் ஆய்வகம்: பாடத்திட்டக் குழுத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கு,



தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் தாவரவியலோ விலங்கியலோ படிக்க வரும் முதலாண்டு மாணவருக்கு அப்பாடம் வகுப்பறையில் விரிவுரையாகவும் ஆய்வகத்தில் செய்முறையாகவும் கற்பிக்கப்படுகிறது. ஒரே செய்தியை இருமுறை சொல்வதற்காக இவ்விரண்டும் ஏற்படவில்லை. எண்ணற்ற உயிர்களுக்குப் பொதுவான ஒழுங்கை எடுத்துரைப்பது விரிவுரையின் வேலை. அந்த ஒழுங்கு ஒவ்வோர் உயிரிலும், ஓர் உயிரின் ஒவ்வொரு செல்லிலும் எந்த அளவுக்கு வேறுபட்டு நிகழ்கிறது என்பதைக் கண்டும் எண்ணியும் அளந்தும் அறியச் செய்வது செய்முறையின் வேலை. இயற்பியல் ஆய்வகத்தில் இரு மாணவரின் அளவீடுகள் வேறுபட்டால் அதைப் பெரும்பாலும் கருவியின் குறையாகவோ கையின் குறையாகவோ கொள்ளலாம். உயிரியலிலோ வேறுபாடே பாடத்தின் உள்ளீடு. 1859இல் வெளிவந்த டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூல் தன் முதல் இரண்டு இயல்களையும் வேறுபாட்டுக்கே ஒதுக்கியிருப்பதற்குக் காரணம் அதுவே. நடப்பிலுள்ள செய்முறை மதிப்பீடு மாணவரின் கண்ணிலிருந்து இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டி, ஒரு மாற்றத்தை வேண்டுவது இம்மடலின் நோக்கமாகும்.

ஆய்வகத்தில் கண்டதை அங்கேயே குறித்துக்கொள்ள ‘அப்சர்வேஷன்’ நோட்டு ஒன்றும், பின்னர் வீட்டிலோ விடுதியிலோ அமர்ந்து படம் வரைந்து கையொப்பம் பெற ‘ரெக்கார்டு’ நோட்டு ஒன்றும் மாணவரிடம் இருக்கின்றன. செய்முறைத் தேர்வு நாளில் புறத்தேர்வாளரின் முன் வைக்கப்படுவதும் மதிப்பெண் பெறுவதும் இரண்டாவது நோட்டுதான். அதிலுள்ள படம் நுண்ணோக்கியில் தெரிந்ததைப் பார்த்து வரையப்பட்டதா, பாடநூலைப் பார்த்து வரையப்பட்டதா, சென்ற ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து வரையப்பட்டதா என்று பிரித்தறிய வழியில்லை. பாடநூலைப் பார்த்து வரைந்த படமே தெளிவாக இருக்கும் என்பதால் அதற்கே கூடுதல் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. இந்த நிலையில் மாணவர் படியெடுப்பதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. எதற்கு மதிப்பெண் உண்டோ அதை அவர்கள் செய்கிறார்கள்.

இதனால் இழக்கப்படுவது என்ன என்பதை, ஏறத்தாழ எல்லாப் பாடத்திட்டங்களிலும் இடம்பெறும் வெங்காய வேர்நுனிச் செய்முறையைக் கொண்டு பார்க்கலாம். வெங்காயத்தின் அடிப்பாகம் நீரில் படும்படி வைத்தால் ஓரிரு நாளில் வெண்ணிற வேர்கள் இறங்கும். அவற்றின் நுனியை வெட்டி, எத்தில் ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த கரைசலில் இட்டால், ஒவ்வொரு செல்லும் அந்தக் கணத்தில் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். இதற்கு நிலைநிறுத்தம் என்று பெயர். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாக்கி, செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருளை இளகச் செய்து, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கவர் ஸ்லிப்பை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்தினால் செல்கள் ஓரடுக்காகப் பரவி நிற்கும். ஒரு செல் தன்னையொத்த இரு செல்களாகும் மைட்டாசிஸ் பகுப்பின் நிலைகளான புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் ஆகிய நான்கையும் அங்கே காணலாம் என்பது விரிவுரையில் சொல்லப்பட்டிருக்கும்.

ஆனால் நுண்ணோக்கியில் கண் வைக்கும் மாணவர் முதலில் காண்பது பகுப்பில் ஈடுபடாத செல்களின் பெருங்கூட்டத்தையே. அங்குமிங்கும் சில புரோஃபேஸ் தென்படும். குரோமோசோம்கள் இரு துருவங்களை நோக்கி விலகிச் செல்லும் அனாஃபேஸ் நிலையைக் காண ஸ்லைடை நெடுநேரம் நகர்த்த வேண்டியிருக்கும். பாடநூல் நான்கு நிலைகளையும் ஒரே அளவுள்ள நான்கு கட்டங்களில் வரைந்து காட்டியிருப்பதால், அனாஃபேஸ் கிடைக்காத மாணவர் தம் ஸ்லைடு சரியில்லை என்று முடிவுகட்டி, படத்தை நூலிலிருந்து எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அந்தக் கிடைக்காமைதான் கண்டுபிடிப்பு. செல்கள் தத்தம் போக்கில் பகுப்படையும் ஒரு திசுவை ஒரே கணத்தில் நிறுத்திப் பார்க்கும்போது, எந்த நிலை நீண்ட நேரம் நீடிக்கிறதோ அந்த நிலையில் மிகுதியான செல்களும், எது விரைவில் முடிகிறதோ அதில் மிகக் குறைவான செல்களும் அகப்படும். ஆகவே வெறும் எண்ணிக்கையிலிருந்தே ஒவ்வொரு நிலைக்கும் ஆகும் நேரத்தின் விகிதத்தைக் கணக்கிட்டுவிடலாம். கடிகாரமே இல்லாமல் காலத்தை அளக்கும் இந்த வழியை ஒரு பதினெட்டு வயது மாணவர் தம் கையால் செய்த ஸ்லைடிலிருந்தே கண்டடைய முடியும். நான்கு படங்களை வரைந்து முடிப்பதோடு அச்செய்முறை நின்றுவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கல்லூரித் தோட்டங்களில் வரப்போரமாக நடப்படும் ரியோ செடியின் இலைக்கும் இதே கதிதான். அதன் அடிப்புறத்து ஊதாத் தோலை உரித்து உப்புக் கரைசலில் வைத்தால், நீர் வெளியேறுவதால் செல்லின் உள்ளடக்கம் சுருங்கிச் செல்சுவரை விட்டு விலகும். பிளாஸ்மோலைசிஸ் எனப்படும் இந்நிகழ்வை அந்த ஊதா நிறமே தெளிவாகக் காட்டித்தரும். சுருங்குவதற்கு முன் ஒரு படம், சுருங்கிய பின் ஒரு படம் என்று ரெக்கார்டு கேட்கிறது. ஆனால் கரைசலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டிச் சென்றால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு செல்கள்கூட ஒரே செறிவில் சுருங்குவதில்லை என்பதும், ஏறத்தாழப் பாதிச் செல்கள் சுருங்கத் தொடங்கும் செறிவையே ஒரு திசுவின் அளவாகக் கொள்ள வேண்டியிருப்பதும் தெரியவரும். புள்ளியியல் என்ற தனித்தாள் பின்னொரு பருவத்தில் வந்து அச்சுறுத்துவதற்கு முன்பே, சராசரி என்பது எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை அந்த இலை சொல்லிக்கொடுத்துவிடும்.

உமிழ்நீர்ச் செய்முறை இன்னும் நெருக்கமானது. உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி ஸ்டார்ச்சைச் சிதைக்கச் சிதைக்க, அயோடின் சொட்டில் தோன்றும் நீலம் மங்கி மறையும். அது மறைய ஆகும் நேரம் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். நீர்த்த அளவும் வெப்பநிலையும் அதற்கு ஓரளவு காரணமாகலாம். ஆயினும் அமைலேஸை உண்டாக்கும் மரபணுவின் படிகள் மனிதருக்கு மனிதர் எண்ணிக்கையில் வேறுபடுகின்றன என்பதும், மாவுச்சத்து மிகுந்த உணவை நெடுங்காலமாக உண்டுவந்த மக்களிடம் சராசரியாக அப்படிகள் கூடுதலாக உள்ளன என்பதும் 2007இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டன. அரிசிச் சோறு உண்டு வளர்ந்த மாணவர்கள் நிறைந்த வகுப்பில் இதைவிட உயிர்ப்பான மரபியல் பாடம் வேறென்ன இருக்க முடியும்? இருந்தும் ‘சரியான விடை’ எதுவோ அதற்கேற்ப எல்லாருடைய நேரமும் ரெக்கார்டில் திருத்தி எழுதப்பட்டு ஒன்றாகிவிடுகிறது.

சென்னையில் இத்துறையின் மரபு இவ்வாறு தொடங்கியதன்று. ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி அம்மாள், கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து, 1945இல் செல்லியல் அறிஞர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து வெளியிட்டார். வெங்காயத்துக்குப் பதினாறு என்று இன்று முதலாண்டு மாணவர் மனப்பாடம் செய்யும் எண் போன்ற ஒவ்வோர் எண்ணும், யாரோ ஒருவர் நுண்ணோக்கியில் கண் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பெற்றதே. மாநிலக் கல்லூரியில் பயின்ற எம். ஓ. பி. ஐயங்கார், பிறர் பாசி என்று கடந்துபோகும் பசுமையில் ஃபிரிட்ஷியெல்லா என்ற புதிய பேரினத்தையே கண்டு 1932இல் விவரித்தார். பாடநூல் படத்தோடு ஒத்துப்போகாததை ஒதுக்கிவிடும் பழக்கம் அவருக்கு இருந்திருந்தால் அந்தப் பேரினம் அவர் கண்ணில் பட்டிருக்காது.

உயிரினங்களை அறுத்துப் பார்க்கும் செய்முறைகளைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அது வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் அதனால் விலங்கியல் ஆய்வகத்தில் காலியான நேரத்தைப் பல இடங்களில் அட்டைப்படங்களும் ஃபார்மலின் புட்டிகளுமே நிரப்பின. அந்த நேரத்தில் உயிருள்ளதையே கவனிக்கச் செய்யலாம்: கனிந்த வாழைப்பழத் துண்டு இட்ட ஒரு கண்ணாடிப் புட்டியில் பழ ஈ பத்து நாளளவில் அடுத்த தலைமுறையை உண்டாக்கிவிடும். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை, எந்த உயிரையும் அறுக்கவும் வேண்டியதில்லை.

எனவே தங்கள் குழுவின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் இது: முதலாண்டில் ரெக்கார்டு நோட்டுக்கு வழங்கப்படும் மதிப்பெண்ணை, ஆய்வக நேரத்திலேயே எழுதப்பட்டு, அந்த நேரம் முடியுமுன் ஆசிரியர் தேதியிட்டுக் கையொப்பமிட்ட அப்சர்வேஷன் நோட்டுக்கு மாற்ற வேண்டும். அடித்தலும் திருத்தலும் கறையும் உள்ள பக்கத்துக்கு அவற்றுக்காக மதிப்பெண் குறைக்கலாகாது. எதிர்பார்த்த முடிவு வராதபோது, ஏன் வரவில்லை என்று மாணவர் எழுதும் காரணத்துக்குத் தனி மதிப்பெண் ஒதுக்கப்பட வேண்டும். செல் பகுப்பு, சவ்வூடு பரவல், நொதிச் செயல் ஆகிய மூன்று தலைப்புகளிலேனும் செய்முறை முதலிலும் விரிவுரை பின்னரும் வருமாறு கால அட்டவணை அமையுமானால், ஆசிரியர் விளக்கத் தொடங்கும்போது மாணவரிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கும்.

வகுப்பில் ஐம்பது பேரும் நுண்ணோக்கிகள் பத்தும் உள்ள நிலையில் இது இயலுமா என்று கேட்கப்படலாம். அந்தத் தடை உண்மையானதே. நுண்ணோக்கிகளும் ஆய்வக உதவியாளர்களும் போதாத கல்லூரிகளுக்கு அவற்றைப் பெற்றுத்தரும் பொறுப்பு அரசுக்கு உண்டு. எனினும் வேர்நுனிச் செல்களை எண்ணும் வேலையில் கூட்டம் ஒரு வலிமையாகவும் ஆகிறது. ஒருவர் எண்ணும் இருபது செல்களால் எதுவும் தெரியாது. ஐம்பது பேர் எண்ணியதைக் கரும்பலகையில் கூட்டி எழுதினால் ஆயிரம் செல்களுக்கான அட்டவணை ஒரே பிற்பகலில் கிடைத்துவிடும்.

மற்றொன்றையும் குழு கருத்தில் கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர், தாம் கண்டதை ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியே பிறர் நோட்டைப் படியெடுக்கின்றனர். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்ல அவர்களிடம் மொழி இல்லாமலில்லை; அந்த மொழி நோட்டில் அனுமதிக்கப்படுவதில்லை. கலைச்சொற்கள் எவ்வாறு வழங்குகின்றனவோ அவ்வாறே இருக்க, அப்சர்வேஷன் குறிப்புகளைத் தமிழில் எழுதலாம் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டால், படியெடுப்பதற்கான தேவை பெருமளவு குறையும். ஆங்கிலவழி வகுப்புகளுக்கும் அந்த வரி பொருந்த வேண்டும்.

செய்முறைத் தேர்விலும் இதற்கேற்ற மாற்றம் தேவைப்படும். பெயர் சொல்லி அடையாளம் காட்டும் ஸ்பாட்டர்களில் பாதியையேனும் நீக்கி, மாணவர் முன்பு பார்த்திராத ஒரு ஸ்லைடையோ, வேறொரு வகுப்பினர் எண்ணிய செல்களின் அட்டவணையையோ கொடுத்து, அதிலிருந்து என்ன தெரிகிறது, எது தெரியவில்லை என்று எழுதச் சொல்லலாம். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது முதற்பருவத்துக்கு மட்டுமாவது இம்மாற்றங்களைச் செய்து பார்க்கவும், ஓராண்டு முடிந்ததும் மாணவர்களின் அப்சர்வேஷன் நோட்டுகளையே குழுவின் முன் வரவழைத்துப் படித்துப் பார்த்து மேற்கொண்டு முடிவெடுக்கவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறது இம்மடல்.

இங்ஙனம்,
கல்லூரி உயிரியல் ஆசிரியர் ஒருவர்