முதலிடம் வாங்கித் தருகிறார்களாம்!

‘சார், உங்க கடையை கூகுள்ல முதலிடத்துக்குக் கொண்டுவர்றோம். மாசம் இவ்வளவு குடுத்தா போதும்.’

சின்ன ஊர் கடைக்காரர்களைக்கூட இந்தக் குரல் விடுவதில்லை. தயவுசெய்து நம்பாதீர்கள். தேடலில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கூகுளுக்கே இல்லாத தைரியம் இவர்களுக்கு!

சேந்தமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் காரவள்ளி அடிவாரத்துக்குப் போகிறார்கள். அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் பஞ்சர் கடைக்கும் பிழைப்பு உண்டு, மிளகு விற்பவருக்கும் உண்டு, நாலு அறை வைத்திருக்கும் லாட்ஜுக்கும் உண்டு.

ஆனால், பெங்களூரில் உட்கார்ந்து ‘கொல்லிமலை ரூம்’ என்று தட்டுகிறவர் கண்ணில் முதலில் யார் படுவார்? இந்தியாவின் அத்தனை மலைக்கும் சேர்த்து விளம்பரப் பணம் ஒதுக்கிய புக்கிங் கம்பெனி. அதே வார்த்தைக்கு நாலு அறைக்காரரையும் ஏலம் கேட்க வைக்கிறார்கள். யானையோடு கயிறு இழுக்கும் போட்டி!

கணக்கு பாருங்கள். ஒரு கிளிக் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் தட்டி ஒருவர் மிளகு வாங்கினால், அந்த ஒரு வியாபாரத்துக்கு விளம்பரச் செலவு 400 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி. தனி. கால் கிலோ மிளகில் 400 ரூபாய் லாபம் எந்த ஊரில் வருகிறது? பி.காம். முதல் வருஷப் பையன் சொல்லிவிடுவான், கடையைச் சாத்து என்று.

பெரியவர்களே இந்த மேடையில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம், கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் 2012-ல் புகார் கொடுத்தது. தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாக 2018-ல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம். ஆனால், விளம்பர நிபந்தனைகளில் ஆணையம் தவறு காணவில்லை. கூகுள் மேல்முறையீட்டுக்கும் போனது. பஞ்சர் கடைக்காரர் எந்த ஆணையத்தின் படியேறுவார்?

அதற்காக விளம்பரமே கூடாது என்பதல்ல என் கட்சி. இந்த ஏலத்தில் பணம் மட்டும் ஜெயிப்பதில்லை. தேடியவர் கேட்டதற்கு விளம்பரம் எவ்வளவு பொருத்தம் என்றும் பார்க்கிறார்கள். பொருத்தமாக இருந்தால், குறைவாகக் கேட்டவரும் மேலே வரலாம். ஏஜென்ட் வாயே திறக்காத பாதி இதுதான்.

ஆகவே ‘கொல்லிமலை’ என்ற மொட்டை வார்த்தைக்குக் காசு கட்டாதீர்கள். சித்தர் கதை தேடுகிறவரும் உங்கள் விளம்பரத்தைத் தட்டிவிட்டுப் போவார். வாராவாரம் பட்டியலைத் திறந்து, சம்பந்தமில்லாத வார்த்தைகளை அடித்துவிடுங்கள். ‘சேந்தமங்கலம் பஞ்சர் கடை’ என்று குறிப்பாகக் கேளுங்கள். பஞ்சர் கடைக்கு அந்த வட்டாரத்தில் இருப்பவர் மட்டும் போதும். லாட்ஜுக்கு வெளியூரிலிருந்து தேடுபவர் வேண்டும். இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஊரில் இருப்பவர், ஊரைப் பற்றி ஆர்வம் காட்டுபவர் எல்லோருக்கும் காட்டி, கிளிக்குக்குக் கிளிக் காசு போகும்.

இதற்கெல்லாம் முன்னால், கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யுங்கள். அது இலவசம். சரியான போன் நம்பர், திறக்கும் நேரம், நிஜமான போட்டோ. இலவசமாகக் கிடைப்பதைச் செய்யாமல் காசு கட்டுவது, குடத்தில் ஓட்டை இருக்க, தண்ணி லாரிக்குச் சொல்லிவிடுவது மாதிரி.

கடைசியாக, நகரத்து வாசகரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. முதலில் வருவது சிறந்தது அல்ல; ‘ஸ்பான்சர்டு’ என்று போட்டிருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். கொஞ்சம் கீழே போய், உள்ளூர்க்காரர் நம்பரைத் தேடிப் பிடித்து, நேரடியாகப் பேசுங்கள். 70 வளைவு ஏறத் தயாராக இருக்கிறவருக்கு, விரலால் நாலு தடவை தள்ளுவதா கஷ்டம்?