பையை அடைத்தால் போதுமா?

இதயத்தின் இடது சோணையறையில் ஒட்டியிருக்கும் சிறு பை வீணானது, அதை அடைத்துவிட்டால் உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரினே வேண்டாம் என்கிறார்கள் சிலர். இது அரைகுறை வாதம். உடலின் உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் ஹோர்மோனை அந்தப் பையும் சுரக்கிறது.

சோணையறை ஒழுங்கின்றித் துடிக்கும்போது பையில் குருதி தேங்கி உறையும். உறைவு மூளைக்குப் போனால் பாரிசவாதம். வால்வு நோயில்லாதவர்களில் இவ்வுறைவுகளில் சுமார் 90 சதவீதம் அப்பையில்தான் உருவாகின்றன. வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களிலோ சுமார் 57 சதவீதம் மட்டுமே. மீதி அறைக்குள்ளேயே உறைகிறது. அவர்களுக்குப் பையை மட்டும் அடைத்து என்ன பயன்?

2021இல் வெளியான ஆய்வில், வேறு இதய அறுவைச் சிகிச்சையின்போதே பையையும் அடைத்தவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து மூன்றிலொரு பங்கு குறைந்தது உண்மை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உறைவுத் தடுப்பு மருந்தையும் தொடர்ந்தார்கள்.

எங்கள் புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகர் 50 கிலோமீற்றருக்கும் அப்பால். இங்குள்ள கடற்றொழிலாளிக்கு முதலில் வேண்டியது பையை மூடும் விலையுயர்ந்த அடைப்பான் அல்ல. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி தாறுமாறாக ஓடுவதைக் கண்டுபிடிக்கும் கை, ஈசிஜி, குருதி உறையும் நேரத்தை அளக்கும் தவறாத ஐஎன்ஆர் பரிசோதனை. வைத்தியரைக் கேளாமல் வார்ஃபரினை நிறுத்தாதீர்கள்.