28 வருடம் பேசி ஒன்று சேர்ந்தார்கள்!

கும்பிடுவது ஒரே ஏசுவை. படிப்பது ஒரே வேதப் புத்தகத்தை. ஆனால் ஒரே திருவிருந்தில் கலந்துகொள்ள மாட்டார்கள்! 100 வருடங்களுக்கு முன்பு, தென் இந்தியாவில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களின் நிலை இதுதான்.

இந்தப் பிரிவினை இங்கே பிறந்தது அல்ல. கப்பலில் வந்தது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எப்போதோ நடந்த சண்டையில் பிரிந்த சபைகள், இங்கே பாதிரியார்களை அனுப்பின. ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அதனால், திருநெல்வேலியில் மதம் மாறியவர் ஆங்கிலிக்கன் ஆனார். மதுரையில் மாறியவர் அமெரிக்கன் மிஷன் ஆனார். நாகர்கோவில் என்றால் லண்டன் மிஷன். யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்தது இல்லை. ஊர் தீர்மானித்தது!

33 பேர்

1919-ம் ஆண்டு மே மாதம், தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். "இந்தப் பிளவுக்கு நாம் காரணம் அல்ல, நாம் ஒரே சபை ஆக வேண்டும்" என்ற கருத்தில் அறிக்கை வெளியிட்டார்கள். முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நெல்லைச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர்.

பிறகு ஏன் 28 வருடம்? ஒரே ஒரு முடிச்சு! பிஷப் கை வைத்தால்தான் குருப்பட்டம் செல்லும் என்றது ஆங்கிலிக்கன் சபை. மற்றவர்களிடமோ பிஷப்பே கிடையாது. அப்படியானால், இத்தனை நாள் அவர்கள் செய்த ஊழியம் செல்லாதா? நியாயமான கேள்விதான்.

கடைசியில் வழி பிறந்தது. எல்லோருக்கும் பிஷப் உண்டு. ஏற்கனவே குருவாக இருப்பவருக்கு மறுபடியும் பட்டம் கொடுப்பது இல்லை. இனி வருகிறவர்களுக்கு பிஷப்பே பட்டம் கொடுப்பார். ஒரு சபையாருக்கு மனம் ஒப்பாத குருவை அவர்கள் மீது திணிப்பதும் இல்லை. யாரும் தலைகுனியத் தேவை இல்லாத ஏற்பாடு!

1947 செப்டம்பர் 27-ந் தேதி, நாடு விடுதலை பெற்று 43 நாள் கழித்து, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென் இந்தியத் திருச்சபை பிறந்தது. அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1-ந் தேதியே காலமாகிவிட்டார். வட இந்தியாவில் இதே போன்ற இணைப்பு 1970-ல்தான் நடந்தது.

ஒரு வேடிக்கை. 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர் தரங்கம்பாடி. அந்த ஊரின் லுத்தரன் சபை இன்றும் தனியாகவே இருக்கிறது. ஆனால், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இரண்டு சபை மாணவர்களும் ஒன்றாகவே படிக்கிறார்கள்.

கப்பலில் வந்த சுவர் பெரும்பாலும் இடிந்தது. உள்ளூரிலேயே கட்டிய சுவர் இடியவில்லை. கல்யாணம் பேசும்போது இப்போது மிஷனைக் கேட்பது குறைந்துவிட்டது. சாதியைக் கேட்பது குறையவில்லை. சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்களும் உண்டு. இதற்கு லண்டனைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பிஷப்பும் தம் எல்லையில் இப்படிப்பட்ட கல்லறைத் தோட்டங்கள் எத்தனை என்று கணக்கெடுத்து, கோவிலில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கட்டும்.