காடு வாங்க வருவோருக்குக் கடைமடையின் நிபந்தனை

கோடியக்கரைக் காட்டையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் ஒட்டிய பட்டா நிலங்களைத் தனியார் வாங்கிக் காடாகப் பராமரிப்பதில் எங்கள் கருத்து என்ன என்று பலரும் கேட்கிறார்கள். அவர்களில் சென்னை, பெங்களூர்க்காரர்கள் உண்டு. சிங்கப்பூரில் சம்பாதித்து, ஊர்ப்பக்கம் கடல் தெரிய ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கடைமடை விவசாயிகளும் மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் கூடிப் பேசி எடுத்த முடிவை இங்கே சொல்கிறோம். வாங்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால், வாங்குகிறவர் அந்த நிலத்தை வேறெதற்கும் மாற்ற முடியாதபடி சட்டப்படி தன்னைக் கட்டிக்கொள்ளாதவரை ஆதரிக்கவும் மாட்டோம்.

எதிர்க்காததற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, தலைமுறையாகச் சோறு போட்ட தென்னையும் மாவும் ஒரே இரவில் சாய்ந்தன. கடனில் நிற்கும் குடும்பம் நிலத்தை விற்க நினைத்தால் அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் குடகை உதாரணம் காட்டுகிறார்கள். பமீலா மல்ஹோத்ராவும் அனில் மல்ஹோத்ராவும் 1991இல் அங்கே 55 ஏக்கரில் தொடங்கினார்கள். கைவிடப்பட்ட காபி, ஏலக்காய்த் தோட்டங்களைச் சிறுகச் சிறுக வாங்கி, ஏறத்தாழ 300 ஏக்கர் மழைக்காட்டை மீட்டார்கள். வணங்கத்தக்க உழைப்பு அது. ஆனால் அங்கே கொட்டுகிற மழைக்கு, நிலத்தைச் சும்மா விட்டாலே காடு திரும்பிவிடும். கோடியக்கரையில் இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்துக்கொண்டு மற்ற மாதங்களின் வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கும் பாலையும் உகாயும் நிறைந்த காடு. மணல்மேட்டுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. அங்கே ஒருவர் போர் போட்டு மோட்டார் வைத்து இறைத்தால், அவர் கிணற்றோடு பக்கத்து வீட்டுக் கிணறும் உப்புக் கரிக்கும்.

மரம் நட்டால் காடு என்ற எண்ணத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். 1967இல் கோடியக்கரைச் சரணாலயம் முக்கியமாக வெளிமானுக்காக அறிவிக்கப்பட்டது. வெளிமானுக்கு அடர்ந்த மரநிழல் ஆகாது. தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்டு ஓடுவதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்தப் புல்லைத்தான் சீமைக்கருவேலம் ஏறி மூடிக்கொண்டிருக்கிறது. வெற்று நிலம் என்று நினைத்து அதில் சவுக்கும் தைலமும் நடுகிறவர், நல்ல மனத்தோடுதான் என்றாலும், அதே வேலையைத்தான் செய்கிறார். அங்கே செய்ய வேண்டியது சீமைக்கருவேலங்கன்றை வேரோடு பிடுங்குவதும், மீண்டும் முளைத்தால் மீண்டும் பிடுங்குவதும்தான். படம் எடுத்துக் காட்டும்படியான வேலை அல்ல அது. வருடக்கணக்கில் ஆள் நின்று பார்க்க வேண்டும்.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு முத்துப்பேட்டையே சாட்சி. அந்த அலையாத்திக் காடு 1853 முதல் 1912 வரை சத்திரம் துறையின் கையில் இருந்தது. மரம் விற்ற பணத்தில் யாத்திரிகர்களுக்கான சத்திரங்கள் நடந்தன. தர்மத்துக்கான வருமானம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. 1937க்குப் பிறகு வனத்துறை பொறுப்பில் வந்தும், பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டும் முறை எழுபதுகள்வரை நீடித்தது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது. வெட்டிய இடமெல்லாம் தாம்பாளம்போல் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர், வற்றும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கிக் காய்ந்து உப்பாய்ப் பூத்தது. அந்த உப்பில் விதை விழுந்தாலும் பிழைக்கவில்லை.

அதற்கு மருந்து நம் மீனவர்களிடமே இருந்தது. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டிக் காயல் மீன் பிடிப்பது அவர்களுடைய பழைய வழக்கம். அந்த வாய்க்கால் கரைகளில் மட்டும் அலையாத்தி தழைத்து நின்றது. தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, தாய் வாய்க்கால் ஒன்றும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டினார்கள். ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் மண்ணின் உப்பு குறைந்தது, கரையில் கன்றுகள் பிடித்தன. இன்றும் அந்த வாய்க்கால்களில் சேறு தூர்ந்தால் வேலை வீணாகும். பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் நல்ல தண்ணீர் வந்து சேராத வருடம் காயலில் உப்பு ஏறும். மேட்டூரில் தொடங்கும் தண்ணீர்க் கணக்கின் கடைசி வரி இந்தக் காடு. அதில் பத்து ஏக்கரைச் சுற்றி வேலி போட்டு யாராலும் அதைத் தனியாகக் காப்பாற்ற முடியாது.

அதே தொண்ணூறுகளில்தான் இந்தக் கடலோரத்தில் நெல்வயல்கள் விலைக்குப் போய் இறால் குட்டைகளாயின. ஒருவர் விற்ற வயலில் கடல்நீர் நின்றதும், விற்காதவர் வயலிலும் நெல் கருகியது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குட்டைகள் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஜகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நிலத்தை விலைக்கு வாங்கி நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் எழுதிவைத்தது. நிலம் வாங்குவதே குற்றம் என்று நாங்கள் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். வாங்கிய பின் அது யாருக்குப் பயன்படுகிறது, பக்கத்து வயல் என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.

சட்டத்தில் ஓட்டை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக்கு 50 மீட்டர் காப்பு விளிம்பு உண்டு. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை தனியார் நிலத்து அலையாத்திக்கு அந்த விளிம்பு தேவையில்லை என்கிறது. அதாவது காடு பட்டாவுக்குள் இருந்தால் பாதுகாப்பு குறைகிறது. இதை மாற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசைக் கோருகிறோம்.

மனமிருப்பவருக்கு வழியும் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவுப்படி, சரணாலயத்துக்கு வெளியே உள்ள சொந்த நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கத் தாமாக முன்வரலாம். அறிவித்துவிட்டால், நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. அந்தக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதியும் இருப்பார். காட்டுக்காகவே வாங்குகிறேன் என்பவர் முதலில் இதற்கு எழுதிக்கொடுக்கட்டும்.

அதோடு, வடிகாலையும் ஓதம் வந்துபோகும் வாய்க்காலையும் அடைக்கக் கூடாது. ஆடுமாடு மேயப் போகும் வழியும் மீனவர் கரைக்குப் போகும் பாட்டையும் பத்திரத்தில் வழிநடைப் பாத்தியமாக எழுதப்பட வேண்டும். மின்வேலி, முள்வேலி, ஆழ்துளைக் கிணறு எதுவும் ஆகாது. சீமைக்கருவேலம் பிடுங்குவதற்கும் வாய்க்கால் தூர்வாருவதற்கும் ஊர் ஆட்களுக்கே கூலி வேலை தர வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. உறவினர் பெயரில் பினாமியாக வாங்கும் யோசனையோடு வருவோருக்கு நாங்கள் எந்த உதவியும் செய்ய மாட்டோம்.

எங்கள் அமைப்பு நிலம் வாங்காது, தரகும் பார்க்காது. நிபந்தனைகளை ஏற்பவரோடு எங்கள் ஆட்கள் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து, எது வடிகால், எது புறம்போக்கு, எது மான் இறங்கும் இடம் என்று காட்டிக்கொடுப்பார்கள். ஏற்காமல் வாங்குபவர் கட்டடத்துக்கோ மனைப்பிரிவுக்கோ விண்ணப்பித்தால், கிராம சபையில் அதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவருவோம்.