கொரோனா நோயாளிகளின் உயிரைப் பறித்தது வைரஸ் மட்டும்தானா? வென்டிலேட்டர் வார்டில் காத்திருக்கும் இன்னொரு எதிரி!

'வென்டிலேட்டர்ல வெச்சுட்டாங்களாம்...' கொரோனா காலத்தில் இந்த ஒரு வரி போதும், வீடே அழத் தொடங்கிவிடும். அந்த மெஷின்தான் ஆளைக் கொல்கிறது என்று நம்பியவர்களும் உண்டு. அது தவறு. தானாக மூச்சுவிட முடியாத கட்டத்தில்தான் வென்டிலேட்டரே பொருத்துவார்கள். ஆனால், அந்தக் குழாயை ஒட்டி இன்னோர் ஆபத்தும் உள்ளே இறங்கலாம் என்பது உண்மை.

நம் எல்லோருடைய வாயிலும் தொண்டையிலும் பாக்டீரியாக்கள் உண்டு. எச்சில் புரையேறினால் இருமி வெளியே தள்ளிவிடுவோம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வாய் வழியே மூச்சுக்குழாய் வரை பிளாஸ்டிக் குழாய் போகிறது. மயக்க மருந்தால் இருமலும் அடங்கிவிடும். கசிவைத் தடுக்க, குழாயைச் சுற்றிக் காற்றடைத்த சின்ன பலூன் இருக்கும். அதையும் மீறி, மேலே தேங்கும் எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கும். ஏற்கெனவே வைரஸ் புண்ணாக்கிவைத்த நுரையீரல் அது. பாக்டீரியாவுக்குக் கேட்கவா வேண்டும்? குழாய் பொருத்தி 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் இந்த நிமோனியாவை டாக்டர்கள் 'வி.ஏ.பி' என்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய பிரச்னை என்பதை, அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்டார்கள். கடுமையான நிமோனியாவுடன் ஐ.சி.யூ-வில் இருந்த 585 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 190 பேருக்கு கொரோனா. நுரையீரலுக்குள் சிறிது உப்புநீரைச் செலுத்தி, அதைத் திரும்ப உறிஞ்சியெடுத்து, என்ன கிருமி இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் தினசரி நிலையையும் கம்ப்யூட்டர் மூலம் அலசினார்கள்.

வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த இரண்டாவது தொற்று வந்திருந்தது. அது குணமானவர்கள் பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. குணமாகாதவர்களிடம் மரணம் அதிகம். அப்போது எல்லோரும் பேசிய 'சைட்டோகைன் புயல்' இந்த ஆய்வில் பெரிதாகத் தென்படவே இல்லை. ஒரே மருத்துவமனையின் கணக்குதான் இது. ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால், 1918 ஃப்ளூவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோதும், பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் தடயமே கிடைத்தது. அந்தக் காலத்தில் வென்டிலேட்டரும் கிடையாது, ஆன்டிபயாட்டிக்கும் கிடையாது.

'அப்படியென்றால், வைரஸ் காய்ச்சல் வந்ததுமே ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்ளலாமே' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் சுமார் 8 சதவிகிதம் பேருக்குத்தான் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் பாக்டீரியா தொற்று இருந்தது. ஆனால், 75 சதவிகிதம் பேருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று அந்த மருந்துகள் தரப்பட்டன. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இது. இப்படி அள்ளிக் கொடுக்கக் கொடுக்க, மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும். ஐ.சி.யூ-க்களில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்றவை ஏற்கெனவே பல மருந்துகளுக்கு மசிவதில்லை. நிஜமாகவே மருந்து தேவைப்படும் அந்த நோயாளிக்கு, கடைசியில் டாக்டரின் கையில் எதுவும் மிஞ்சாது.

தடுக்கும் வழிகள் பிரமாதமானவை இல்லை. படுக்கையின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துவது, தினமும் பல் துலக்கிவிடுவது, நோயாளியைத் தொடும் முன் கை கழுவுவது, மயக்க மருந்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது. குழாயை எப்போது எடுக்கலாம் என்று தினமும் சோதித்துப் பார்ப்பதும் முக்கியம். ஒருநாள் முன்னதாக எடுத்தாலும் லாபம்தான்.

இவற்றையெல்லாம் செய்ய வேண்டியவர்கள் நர்ஸ்களும் டாக்டர்களும்தான். ஆனால், வெளியே காத்திருக்கும் குடும்பத்தினரும் கேட்கலாம். 'இன்னைக்குத் தலைப்பக்கம் உயர்த்தியிருக்கா, வாய் சுத்தம் பண்ணியாச்சா, சளி டெஸ்ட்ல என்ன கிருமின்னு தெரிஞ்சுதா, குழாயை எடுக்க முடியுமான்னு பாத்தீங்களா' என்று தன்மையாகக் கேட்டால், பெரும்பாலான டாக்டர்கள் பதில் சொல்வார்கள்.