படம் வரைந்தவருக்கு மட்டுமா பரிசு?



சித்திரப் போட்டி என்றால் நாரந்தனையில் நாங்கள் பார்ப்பது, வரைந்த பிள்ளைக்கு ஒரு சான்றிதழ். எதை எதற்குப் பக்கத்தில் மாட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. கொச்சியில் 2014இல் தொடங்கிய மாணவர் பினாலேயில் இந்தியக் கலைக் கல்லூரி மாணவர்களின் படைப்புகளை இளம் காட்சி அமைப்பாளர்களே தெரிவு செய்கிறார்கள். மாணவர் அமைக்கும் கண்காட்சிக்கென்றே யாழ் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் ஒரு பரிசு வைக்கட்டும்.

அங்கே நுண்கலை கற்பிக்கும் சனாதனன் 2011இல் கொண்டுவந்த தோம்பு நூலைப் பாருங்கள். வீடிழந்த சாதாரண சனம் நினைவிலிருந்து கீறிய வீட்டுப் படங்கள் அவை. தேடி எடுத்து அடுக்கியதுதான் பெரிய வேலை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் சனத்திடம் காட்சிக்கு வைக்க அதிகம் இல்லை. (கொண்டுபோக விட்டால்தானே!) ஒரு சாவி, ஒரு பழைய படம் இருக்கலாம். தெரிவு செய்யும் மேசையில் எங்கள் பிள்ளையும் தீவகப் பிள்ளையும் இருந்தால்தான் அவை சுவருக்கு வரும்.

ஒரு நிபந்தனை. பரிசு பெறும் கண்காட்சி பண்ணைப் பாலம் தாண்டி, ஒரு கிழமையாவது தீவகப் பாடசாலை ஒன்றில் இருக்கவேண்டும். மண்டபம் இல்லை என்று சொல்லவேண்டாம், வகுப்பறைச் சுவர் போதும். ஆணி நாங்கள் அடிக்கிறோம்.